ஒரு முழத் தூரத்துப் பந்து

அந்த மலை மைதானத்தில் விடிகாலைப் பனிமேல் விழுகிற முதல் காலடி மரகதத்தினுடையது.

அவளுக்கு வேலை இரண்டுதான். புல்லின்மேல் நிற்கிற பனித்தண்ணீரை நீள மூங்கிலால் வீசித் தள்ளுவது ஒன்று. குழி மாற்றுவது இன்னொன்று. கோல்ஃப் ஆட்டத்தில் பந்து போய் விழவேண்டிய குழி தினமும் ஒரே இடத்தில் இருக்காது. நேற்று இங்கே என்றால் இன்று பத்தடி தள்ளி. கைப்பிடி வைத்த இரும்புக் குழலை அழுத்தித் திருகிப் புதுக் குழி வெட்டுவாள். குழலோடு வருகிற மண்ணையும் புல்லையும் கலையாமல் கொண்டுபோய்ப் பழைய குழியில் இறக்குவாள். உள்ளங்கையால் ஒரு அழுத்து, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். அடுத்த குழிக்கு நடந்துவிடுவாள். இப்படிப் பதினெட்டுக் குழி. இப்படிப் பதினைந்து வருஷம்.

வயது நாற்பது இருக்கும். பந்தயத்தில் ஆடியவள் இல்லை. ஆனாலும் அங்கே ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்குகிறவர்கள் அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் அது கேலிதான். ஒருநாள் அவர்களில் ஒருத்தன், "என் பந்து மட்டும் ஏன் எப்பப் பாத்தாலும் வலப்பக்கமே ஓடுது?" என்று சலித்துக்கொண்டிருந்தான். மரகதம் குனிந்த தலை நிமிராமல், "நீங்க குழியப் பாக்கலையேண்ணே, யாரு பாக்குறாங்கன்னுல்ல பாக்குறீங்க" என்றாள். அவன் சிரித்துவிட்டுப் போனான். பத்து நாள் கழித்துச் சிரிக்காமல் வந்து இன்னொன்று கேட்டான். கேலி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

மார்கழி பிறந்த வாரம் சடையப்பன் அவளைத் தேடி வந்தான்.

அவனுக்கு நாற்பத்தொன்பது வயது. முப்பது வருஷமாகப் பை தூக்குகிறவன். குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டிவிட உதவுகிற தட்டை மட்டையைப் பட்டர் என்பார்கள். பட்டரைக் கையில் எடுத்தால் சடையனை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் பேச்சு. அந்தக் காலம் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

"வாத்தியாரம்மா."

"சொல்லுங்கண்ணே."

"இந்தக் கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

அவன் நீட்டியது வலது கை.

"எந்த வேலையில?"

"வேலையிலல்லாம் ஒழுங்காத்தான் இருக்குது. டீ கிளாஸ் புடிக்குது, சோறு அள்ளுது, வெறகு பொளக்குது. குழிக்கு ஒரு முழத்துல பந்தப் பாத்தாத்தான் பேய் புடிச்சுக்குது."

மரகதம் குழியிலிருந்து ஒரு முழம் அளந்து பந்தை வைத்தாள். "அடிங்க, பாப்போம்."

சடையன் குனிந்தான். மட்டை பின்னால் போகும்போது ஒழுங்காகத்தான் போனது. முன்னால் வந்து பந்தைத் தொட ஒரு நூல் இருக்கையில் வலது மணிக்கட்டு வெட்டி இழுத்தது. தூக்கத்தில் படி தவறினால் உடம்பு தூக்கிப் போடுமே, அப்படி. பந்து குழியைத் தாண்டி ஓடிச் சரிவில் போய் நின்றது.

"எத்தன நாளா?"

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷத்துக்கு முன்னால என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல." வேகமாகச் சொன்னான். "வயசாகுதில்ல?"

மரகதம் சரிவில் இறங்கிப் பந்தை எடுத்து வந்தாள்.

அந்த 'ஒண்ணுமில்ல' மைதானம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

வருஷத்துக்கு ஒருநாள், தை மாதக் கடைசித் திங்கட்கிழமை, பை தூக்குகிறவர்களுக்கென்று ஒரு பந்தயம் நடக்கும். அன்றைக்கு அங்கே உலகம் தலைகீழ். பை தூக்குகிறவன் ஆடுவான், கிளப் மெம்பர் அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். ரிட்டயரான கர்னல் ஒருவர் மேட்டில் மூச்சு வாங்க, "யோவ், மெதுவாப் போய்யா" என்பார். "சார், அடிக்கிற நேரத்துல சத்தம் போடக்கூடாது சார்" என்பான் ஆடுகிறவன். வருஷம் பூராவும் கேட்ட வசனத்தைத் திருப்பிச் சொல்வதில் அவர்களுக்கு அன்றைக்கு ஒரு சுகம்.

போன வருஷம் இறுதி ஆட்டம் சடையனுக்கும் பெலவேந்திரனுக்கும். இருவரும் ஒரே நாளில் வேலைக்கு வந்தவர்கள். முப்பது வருஷமாக ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள்.

இருவர் மோதுகிற ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்து குழிக்கு வெகு அருகில் வந்துவிட்டால் எதிராளி "எடுத்துக்கோ" என்று சொல்லலாம். சொல்லிவிட்டால் அடிக்கவே வேண்டாம், குழியில் விழுந்ததாகச் சேர்த்தி. சொல்லாவிட்டால் அரை அடியானாலும் அடித்தே ஆகவேண்டும். சடையனும் பெலவேந்திரனும் ஆடினால் அந்த வார்த்தை வாயில் வருவதற்குள் மற்றவன் பந்தைப் பொறுக்கிவிடுவான். அவ்வளவு நம்பிக்கை.

அன்றைக்குக் கடைசிக் குழிவரை சமம். பதினெட்டாவதில் பெலவேந்திரன் ஆடி முடித்தாகிவிட்டது. சடையன் பந்து குழிக்கு ஒரு முழத்தில் நின்றது. அது விழுந்தால் கோப்பை சடையனுக்கு. அவன் குனிந்து பந்தில் கைவைக்கப் போனான். வார்த்தை வரவில்லை. நிமிர்ந்து பார்த்தான். குழிக்கு இடப்பக்கம் மூன்றடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான் பெலவேந்திரன். பக்கத்தில் அவன் மகளைப் பேசி முடித்துவிட்டுப் போக வந்திருந்த புதுச் சம்பந்தி. பெலவேந்திரன் அவர் காதோரம் ஏதோ சொன்னான். சம்பந்தி சடையனைப் பார்த்துச் சிரித்தார்.

சடையன் அடித்தான். பந்து குழி விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்தது.

அத்தோடு போயிருந்தால் இன்னொரு குழி ஆடித் தீர்த்திருப்பார்கள். சடையன் மட்டையைப் போட்டுவிட்டு நாலு எட்டு நடந்தான், சம்பந்தியின் முன்னால், ஊரே பார்க்க, பெலவேந்திரன் கன்னத்தில் அறைந்தான். தொப்பி பறந்து விழுந்தது. பெலவேந்திரன் திருப்பி அடிக்கவில்லை. குனிந்து தொப்பியை எடுத்தான். தட்டினான். போட்டுக்கொண்டான்.

சடையனை ஆட்டத்திலிருந்து நீக்கினார்கள். கோப்பை பெலவேந்திரனுக்குப் போனது. அவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பைகள் அடுக்குகிற கொட்டகையில் அலமாரிமேல் கிடக்கிறது, எவனோ அதில் சோப்புக்கட்டி போட்டு வைத்திருக்கிறான். ஒரே கொட்டகையில் பத்தடி இடைவெளியில் இருவரும் பை துடைக்கிறார்கள். ஒரு வருஷமாகப் பேச்சில்லை.

"எல்லாப் பிடியும் பாத்தாச்சு" என்றான் சடையன். "வெரலக் கோத்துப் புடிச்சேன், கோக்காமப் புடிச்சேன், பேனா மாதிரிகூடப் புடிச்சுப் பாத்தேன். கர்னல் சார் சொல்றாரு, கைய மாத்திக்கன்னு. சோத்தாங்கை மேல, பீச்சாங்கை கீழ. மாத்தினா அடுத்தவன் சட்டையப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. சௌகரியமா மாத்திப் புடிக்க ஒரு வழி சொல்லு. இந்தத் தையிலயும் கை இப்படித்தான்னா, நான் பைய எறக்கி வச்சுட்டு மலைய விட்டே போயிருவேன். கீழ என் மச்சான் மில்லுல வாட்ச்மேன் வேல இருக்காம்."

மரகதம் தன் மூங்கிலை அவனிடம் நீட்டினாள்.

அவன் வழக்கம்போல வலது கையைக் கீழே வைத்துப் பிடித்தான். அவள் தலையசைத்து, வாங்கி, தான் பிடிக்கிற விதத்தைக் காட்டினாள். இடது கை கீழே. வலது கை மேலே.

"நீ இப்படித்தான் புடிப்பியா? யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. தப்புன்னும் யாரும் சொல்லல."

"இத வச்சு நான் என்ன பண்ண?"

"பனி தள்ளுங்க."

"எத்தன நாளு?"

"பனி உள்ளவரைக்கும்."

மறுநாளிலிருந்து சடையன் விடியுமுன் வந்தான். பன்னிரண்டு அடி மூங்கிலின் நுனி புல்லை மேய்ந்துகொண்டு அரைவட்டமாகப் போகும், திரும்பி வரும். போன இடமெல்லாம் வெள்ளை போய்ப் பச்சை தெரியும். மூன்றாம் நாளே தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது.

கொட்டகையில் விஷயம் பரவிவிட்டது.

"என்னடா சடையா, பெருக்குற வேலைக்கு மாத்திட்டாங்களா?"

"டேய், அது பெருக்கறதில்லடா. தவம்."

"தவம்னா தாடி வேணுமேடா."

"வளரும்டா, தைக்குள்ள வளந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். பெலவேந்திரன் மட்டும் ஒரு மட்டையின் தலையை, ஏற்கெனவே துடைத்ததையே, மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். சடையனின் காது அந்தப் பக்கமே இருந்தது. ஒன்றும் வரவில்லை.

"பிடி சௌகரியமா வரல, வாத்தியாரம்மா" என்றான் ஐந்தாம் நாள்.

"வரலைன்னா பரவால்ல."

"சோத்தாங்கை சும்மா இருக்க மாட்டேங்குது. கீழ எறங்கப் பாக்குது."

"முப்பது வருஷம் கீழ இருந்த கைதானேண்ணே."

"மேல இருந்துக்கிட்டு அதுக்கு என்ன வேல?"

"புடிச்சுக்கிறதுதான்."

"அவ்வளவுதானா?"

"அது என்ன லேசான வேலையா?"

அவன் மூங்கிலை வீசிக்கொண்டே போனான். பதினேழு இடமும் இருவரும் சேர்ந்து செய்வார்கள். பதினெட்டாவது வரும்போது சடையனுக்குத் தண்ணி தவிக்கும், அல்லது செருப்பு வார் அறுந்திருக்கும். பதினெட்டாவதை மரகதம் தனியாகச் செய்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஒருநாள் ஏழாம் குழியருகே அவன் குத்தவைத்து, முந்தின நாள் பழைய குழியில் இறக்கிய புல்லைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே பாக்குறீங்க?"

"வேர் புடிச்சிருச்சான்னு. எப்பத் தொட்டாலும் ஆடுது. நீ சரியா வைக்கலையோ என்னவோ."

"எத்தன தடவ தொட்டீங்க?"

"நேத்து மத்தியானம் ஒரு தடவ. சாயங்காலம் ரெண்டு தடவ. இப்ப."

"போன வாரம் வச்சது எங்க இருக்கு சொல்லுங்க பாப்போம்."

சடையன் தேடினான். நாலடி இந்தப் பக்கம், நாலடி அந்தப் பக்கம். குனிந்து, கண்ணைப் புல்லோடு புல்லாக வைத்துப் பார்த்தான். கண்டுபிடிக்க முடியவில்லை.

"அத நீங்க தொடல" என்றாள் மரகதம். தண்ணீர்ப் பூவாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மார்கழி போயிற்று. பொங்கல் கழிந்தது. பனி அடர்ந்து சில நாள் புல் நுனியில் உப்புப்போல உறைந்திருந்தது. கர்னல் ஒருநாள் கம்பளிக் குல்லாயோடு வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"என்னய்யா, நான் சொன்ன பிடிதானே இது? ஃபீஸ் எனக்கு வரணும்."

"குடுத்துரலாம் சார். பனியாக் குடுக்கட்டுமா, தண்ணியாக் குடுக்கட்டுமா?"

கர்னல் சிரித்தார். சடையனும் சிரித்தான். தன் சிரிப்பைக் கேட்டு அவனுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. கேட்டு நாளாயிற்று.

பந்தயத்துக்கு நான்கு நாள் இருந்த வியாழக்கிழமை. மூங்கில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. சடையன் வரப்போகிற சம்பளத்தில் கூரைக்குத் தகரம் போடுவதைப் பற்றியோ என்னவோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"பிடி எப்படிண்ணே இருக்கு?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மரகதம்.

"எந்தப் பிடி?"

சடையன் தன் கையைக் குனிந்து பார்த்தான். இடது கீழே, வலது மேலே, இரண்டும் அங்கேயே பிறந்த மாதிரி கிடந்தன. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான். அவன் நின்றிருந்தது பதினெட்டாவது.

"இங்க எப்ப வந்தேன்?"

"நேத்தும் வந்தீங்க. முந்தாநாளும் வந்தீங்க. மட்டைய எடுத்துட்டு வாங்க."

அவன் கொட்டகைக்குப் போய்ப் பட்டரோடு வருவதற்குள் அவள் குழி வெட்டி முடித்திருந்தாள். ஒரு முழம் அளந்து பந்தை வைத்தாள். சடையன் கையை மாற்றிப் பிடித்தான். மட்டை போனது, வந்தது. பந்து குழிக்குள் விழுகிற சத்தம் கேட்டது. இன்னொன்று. இன்னொன்று. பத்துப் பந்து. பத்தும் உள்ளே.

"வாத்தியாரம்மா!" மட்டையைத் தூக்கிக் காட்டினான். "நின்னுருச்சு. கை நின்னுருச்சு. பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"போதும். இது போதும் எனக்கு. திங்கக்கிழம வரட்டும்."

மரகதம் எழுந்தாள். கால் மண்ணைத் தட்டினாள். குழிக்கு இடப்பக்கம் போய், மூன்றடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்ப அடிங்க."

சடையன் குனிந்தான். மட்டை பின்னால் போனது. மணிக்கட்டு வெட்டி இழுத்தது. பந்து ஓடியது.

இன்னொரு தடவை. வெட்டி இழுத்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லு."

"ஏண்ணே?"

"கண்ண உறுத்துது."

"நான் ஒண்ணும் பண்ணலையே. சும்மாத்தானே நிக்கிறேன்."

"அதான். சும்மா நின்னா—" என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். பந்தைப் பார்த்துக்கொண்டே, "அவனும் சும்மாத்தான் நின்னான்" என்றான்.

மரகதம் நகரவில்லை.

சடையன் வலது கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். இடது கையால் மட்டும் மட்டையைப் பிடித்து உருட்டினான். பந்து தத்தித் தத்திப் போய் உள்ளே விழுந்தது.

"ஒத்தக் கையாலயே ஆடிர்றேன். பாரு, விழுது."

"இன்னொரு கை எங்க?"

"பின்னால இருக்கு."

"அத எதுக்கு ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

சரிவுக்குக் கீழே, கொட்டகையை ஒட்டிய குழாயடியில் யாரோ தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பெலவேந்திரன் தனியாகக் குத்தவைத்து மட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். அவர்களைப் பார்த்தானோ இல்லையோ, முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நீ எங்க நின்ன?" என்று கேட்டான் சடையன்.

ஒரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவன் அதைப் பற்றி வாய் திறந்தான்.

"குழியில நட்டிருந்த கொடியப் புடுங்கிக் கையில வச்சுக்கிட்டு, அவங்களுக்குப் பின்னால."

"அப்பக் கேட்டிருப்பே. சம்பந்தி காதுல என்ன சொன்னான்? என்னப் பத்தி என்ன சொல்லிச் சிரிச்சாங்க?"

மரகதம் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"'நல்லாப் பாத்துக்குங்க சம்பந்தி'ன்னாரு. 'நான் எடுத்துக்கோன்னு சொன்னா முடிஞ்சுது. ஆனா கோப்பைய நான் விட்டுக் குடுத்ததா ஊரு பேசும். அவன் கையாலயே போடட்டும். இந்த மலையில அவன் கை மாதிரி ஒரு கை கெடையாது'ன்னாரு. சம்பந்தி, 'அப்படியா, பாத்துருவோம்'னு சிரிச்சாரு."

சடையன் உட்கார்ந்துவிட்டான். ஈரப்புல் வேட்டியை நனைத்தது. சூரியன் யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே வந்து, அவன் தள்ளாமல் விட்டிருந்த ஓரத்துப் பனியெல்லாம் தானாகக் கரைந்துகொண்டிருந்தது.

"ஏன் இத்தன நாளாச் சொல்லல?" என்றான்.

"மொத நாளே என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னீங்க."

"அதுக்கப்புறமாவது?"

"கையப் பத்திக் கேட்டீங்க. கையப் பத்திச் சொன்னேன்."

சடையன் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல. ரேகைகளில் பச்சையாகப் புல்சாறு ஏறியிருந்தது.

"பொண்ணு கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிக வரல" என்றான். "வந்திருந்தாலும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? அந்தப் புள்ளைக்குக் காது குத்துனப்ப என் மடியிலதான் ஒக்காத்தி வச்சாங்க."

மரகதம் பந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

"அவன் ஒரு வார்த்த சொன்னாப் போதும், வாத்தியாரம்மா. 'சரி விடுறா'ன்னு ஒரு வார்த்த. காலைல கொட்டகைக்குள்ள நொழையறப்பல்லாம் இன்னிக்குச் சொல்லிருவான், இன்னிக்குச் சொல்லிருவான்னு நானும் பாக்குறேன். ஒரு வருஷமா அவன் பக்கமே காத வச்சுக்கிட்டுக் கெடக்கேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான்."

ஒரு பந்து மட்டும் குழிக்குப் பக்கத்தில் மிச்சமிருந்தது. மரகதம் அதை எடுக்கவில்லை.

"எதிராளி 'எடுத்துக்கோ'ன்னு சொல்லலைன்னா என்ன பண்ணணும்ணே?"

முப்பது வருஷமாக ஆயிரம் பேருக்குச் சொன்ன பதில் அது. சடையனுக்கு அன்றைக்கு அது வாயில் வர நேரமாயிற்று.

"அடிச்சாகணும்."

"பந்து இன்னும் தரையிலதாண்ணே கெடக்கு."

அவன் எழுந்தான். குழாயடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பட்டரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பெலவேந்திரன் இருந்த பக்கம் இரண்டு எட்டு வைத்தான். மரகதம் கையை நீட்டினாள். சடையன் அவள் கையைப் பார்த்தான், மட்டையைப் பார்த்தான், கொடுத்தான். இப்போது இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. வலது கை ஆடத் தொடங்கியது.

"கை ஆடுதே, வாத்தியாரம்மா."

"ஆடட்டும்ணே. ஒரு மொழம்தானே."